மழைத்துளி முதல் குதிகால் வரை: அதிர்ச்சி அலைச் சிகிச்சையின் வரலாறு

மருத்துவக் கருவிகளின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் போய் நிற்பதில்லை. எக்ஸ் கதிர் 1895-இல் ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கருவிலிருக்கும் குழந்தையைக் காட்டும் அல்ட்ராசவுண்டு, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடிய கருவிகளுக்கும் உலோகத்தில் விரிசல் தேடிய கருவிகளுக்கும் உறவுமுறை. ஆறாத குதிகால் வலி, தோள்பட்டை வலி, முழங்கை வலி என்று அலைகிறவர்களுக்கு இன்று எலும்பு மருத்துவர்களும் பிசியோதெரபி நிலையங்களும் பரிந்துரைக்கிற 'ஷாக்வேவ்' சிகிச்சையின் பூர்வீகமோ இன்னும் விசித்திரமானது. அது ஒரு விமானத் தொழிற்சாலையில், மழைத்துளியைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்தது.

இந்த வரலாற்றை இங்கே எழுத முற்படுவதற்கு அந்த விசித்திரம் மட்டுமே காரணமன்று. இச்சிகிச்சை மனிதர்க்கு வலி தீர்க்கப் புறப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் இதன் பயன் குறித்து மருத்துவ உலகம் ஒரே குரலில் பேசவில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டின் அடியில் ஒரு பழைய கேள்வி கிடக்கிறது. வலி குறைந்துவிட்டது என்று நோயாளி சொல்கிறார். எதனால் குறைந்தது என்று சொல்ல வேண்டியவர் யார்?

*

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ஷாக்' என்றதும் நம்மவர்க்கு மின்சாரம் நினைவுக்கு வருகிறது. மனநோய்க்குத் தரப்படும் மின் அதிர்ச்சிச் சிகிச்சையும் நினைவுக்கு வருகிறது. இரண்டோடும் இதற்கு உறவில்லை. உடலுக்குள் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. 'அதிர்வலை' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் முழுக்கப் பொருந்தாது. அதிர்வு என்பது வீணைத் தந்தியினுடையது, ஏறி இறங்கி மீண்டும் ஏறுவது. அதிர்ச்சி அலை ஒற்றைத் துடிப்பு. ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு உயர்கிறது. உயர்ந்ததைவிட மெதுவாக விழுந்து, கணநேரம் எதிர்த்திசையில் இழுத்துவிட்டு அடங்குகிறது. திருவிழாவில் அதிர்வேட்டு வெடிக்கும்போது அருகில் நிற்பவர் அதைக் காதால் மட்டும் கேட்பதில்லை, நெஞ்சாலும் வாங்குகிறார். அந்தத் தாக்குதலைச் சுருக்கி, கூராக்கி, ஒரு புள்ளியில் குவித்ததாகக் கற்பனை செய்துகொண்டால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

இப்படியொரு அலை உண்டென்பதைக் கண்ணுக்குக் காட்டியவர்கள் எர்ன்ஸ்ட் மாக் என்ற இயற்பியலாளரும் பீட்டர் சால்ஷரும். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் துப்பாக்கிக் குண்டைச் சால்ஷர் 1886-இல் ஃபியூமே நகரில் படம்பிடித்தார். இருவரும் 1887-இல் அதை வெளியிட்டார்கள். குண்டுக்கு முன்னால் காற்று ஒரு வில்லைப் போல வளைந்து நெரிபடுவதை உலகம் முதன்முதலாகப் பார்த்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த வில் போர்க்கருவி வல்லுநர்களின் சொத்தாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் அதை உடலோடு சேர்த்து எண்ண வைத்தது. நீர்மூழ்கிகளைக் கொல்ல ஆழ்கடல் வெடிகளைப் போட்டபோது, அருகில் தண்ணீரில் தத்தளித்த மாலுமிகள் சிலர் வெளிக்காயம் ஒன்றுமில்லாமல் இறந்தார்கள். உடலைத் திறந்து பார்த்தபோது நுரையீரல் கிழிந்திருந்தது. தோலும் தசையும் தப்பி, நுரையீரல் மட்டும் ஏன் கிழிய வேண்டும்? தசை பெரும்பாலும் நீர், கடலும் நீர். அலைக்கு இரண்டும் ஒரே பாதை, நிற்காமல் கடந்துவிடுகிறது. நீரும் காற்றும் சந்திக்கிற எல்லையிலேதான் அது தன் ஆற்றலை இறக்கி வைக்கிறது. பின்னால் வந்த மருத்துவம் முழுவதற்கும் இந்த ஓர் உண்மைதான் ஆதாரம்: அலை, தான் கடக்கும் பொருளின் தன்மை மாறுகிற இடத்தில்தான் வேலை செய்கிறது.

*

ஜெர்மனியின் தெற்கு எல்லையில், போடன் ஏரிக்கரையில் உள்ள ஊர் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன். செப்பலின் வான்கப்பல்களுக்கும், 1929-இல் பறந்த 'டோ எக்ஸ்' என்ற பன்னிரண்டு எஞ்சின் பறக்கும் படகுக்கும் பெயர்பெற்ற ஊர். அந்தப் பறக்கும் படகைக் கட்டிய டோர்னியர் நிறுவனத்துக்கு 1960களில் ஒரு சிக்கல் இருந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதினால், அந்தச் சின்னஞ்சிறு துளி உலோகத்தைக் குழிபறித்தது. மோதிய இடம் மட்டுமல்லாமல், உள்ளே தள்ளியிருந்த இடமும் பழுதுபட்டது. துளி எழுப்பிய அதிர்ச்சி அலை உலோகத்துக்குள் பயணம் செய்து வேறோரிடத்தில் சேதம் விளைவித்ததே காரணம்.

இதைச் சோதிக்க, அதிவேக எறிபொருள்களைத் தகடுகளின் மேல் மோதவிட்டார்கள். 1966-இல் நடந்ததாகத் துறையின் வரலாறுகள் தவறாமல் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மோதல் நிகழ்ந்த அதே கணத்தில் பணியாளர் ஒருவர் தற்செயலாகத் தகட்டைத் தொட்டுவிட்டார். மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு அவர் உடலில் ஓடியது. அளந்து பார்த்தால் மின்சாரம் இல்லை. கையின் வழியே உடலுக்குள் போனது அந்த அலைதான்.

1968 முதல் 1971 வரை மேற்கு ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சகம் பணம் தந்து, அலைக்கும் உயிர்த் திசுவுக்கும் இடையிலான உறவை ஆராயச் செய்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் அக்கறை எதில் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் கிடைத்த முடிவுகள் மருத்துவர்க்கே அதிகம் உதவின. தசையையும் கொழுப்பையும் அலை பெரிய ஊறின்றிக் கடக்கிறது, நுரையீரலைக் கெடுக்கிறது, கடினமான, எளிதில் நொறுங்கும் பொருள் குறுக்கே வந்தால் அதை உடைக்கிறது. அப்படியானால் உடலுக்குள் இருக்கும் நொறுங்கக்கூடிய பொருள் எது? சிறுநீரகக் கல். 1971-இல் ஹாய்ஸ்லரும் கீஃபரும் உடலுக்கு வெளியே வைத்த கல்லைத் தொடாமலேயே அலையால் உடைத்துக் காட்டினார்கள்.

உடைப்பதைவிடக் குறிபார்ப்பதே கடினமாக இருந்தது. தீர்வு நீள்வட்டத்தில் கிடைத்தது. நீள்வட்டத்துக்கு இரு குவியங்கள். ஒன்றில் புறப்படும் அலை சுவரில் எங்கே பட்டாலும் திரும்பி மற்றதில் வந்து சேரும். நீள்வட்டக் கிண்ணம் ஒன்றின் முதற்குவியத்தில், தண்ணீருக்குள், கார் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைப் போன்ற மின்முனைகளை வைத்துப் பொறி எழுப்பினார்கள். நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, இரண்டு எக்ஸ் கதிர்க் கருவிகளால் கல்லைத் தேடி, அதை இரண்டாம் குவியத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று மியூனிக் பல்கலைக்கழக மருத்துவமனையில், கிறிஸ்டியன் ஷாவ்ஸியும் அவர் குழுவினரும் முதல் நோயாளிக்கு இவ்வாறு சிகிச்சை செய்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. 1983-இல் ஸ்டுட்கார்ட்டில் முதல் வணிகக் கருவி நிறுவப்பட்டது. 1984 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்தது. விலாவைக் கிழித்துக் கல் எடுத்து, வாரக்கணக்கில் படுக்க வைத்த அறுவை பெரும்பாலும் வழக்கொழிந்தது.

இந்த வெற்றியில் ஒரு வசதி இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். கல் கண்ணுக்குத் தெரியும். உடைந்ததா இல்லையா என்று எக்ஸ் கதிர்ப் படமே தீர்ப்புச் சொல்லிவிடும். நோயாளியின் வாய்மொழி அங்கே தேவைப்படவில்லை.

*

எலும்புக்கு இச்சிகிச்சை வந்தது அச்சத்தின் வழியே. சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதியில் கல் சிக்கியிருந்தால் அலை இடுப்பெலும்பை ஒட்டியே போக வேண்டும். எலும்பு என்னவாகும்? 1980களின் நடுவில் விலங்குகளில் இதைச் சோதித்த ஜெர்மானிய ஆய்வாளர்கள் சேதத்தை எதிர்பார்த்தார்கள். ஆனால் எலும்பை ஆக்கும் அணுக்கள் சுறுசுறுப்படைந்திருந்ததைக் கண்டார்கள். 1991-இல் பல்கேரியாவைச் சேர்ந்த வால்ச்சானோவும் மிஹாய்லோவும், ஒட்டாமலும் தாமதித்தும் கிடந்த எலும்பு முறிவுகளுக்கு இச்சிகிச்சை அளித்து, 82 பேரில் 85 விழுக்காட்டினர்க்கு எலும்பு கூடியதாக அறிவித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத குழு அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

அடுத்து வந்தவை தசைநாண்கள். தோள்பட்டை நாணில் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து வலி தருவதுண்டு. கல்லை உடைத்த அலை இதையும் உடைக்கும் என்ற எண்ணம் இயல்பானது. குதிகாலில் முள்போல நீளும் எலும்பு வளர்ச்சியையும் அதே கண்ணால் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்திலிருந்து ஜெர்மானிய மருத்துவமனைகளில் தோளும் குதிகாலும் முழங்கையும் கருவிக்கு முன்னால் வரிசையில் நின்றன.

விரைவிலேயே ஓர் உண்மை வெளிப்பட்டது. குதிகால் வலி குறைந்தவர்க்கும் முள் அப்படியே இருந்தது. முள் இருந்தும் வலியறியாமல் நடமாடுவோர் ஏராளம். வலி பாதத்தின் அடியில், குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி விரியும் திசுப்பட்டையில் இருந்தது. நாள்பட்ட நாண் வலியைப் பற்றிய புரிதலும் அக்காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. அழற்சி என்று பெயரிட்டு அழைத்ததை நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி அணுக்கள் அதிகமில்லை. பழுதுபட்டு, சரிபார்க்கும் முயற்சி பாதியில் நின்றுபோன இழைகளே இருந்தன. உடைப்பதற்கு அங்கே கல் எதுவும் இல்லை. அப்படியானால் அலை அங்கே என்ன செய்கிறது?

அதற்கான விடைகள் துண்டு துண்டாக வந்தன. தைவானில் வாங் சிங்-ஜென் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், முயலின் குதிநாண் எலும்போடு சேரும் இடத்தில் அலை செலுத்தியபின் புதிய இரத்த நுண்குழல்கள் தோன்றியிருந்தன. அவற்றை வளர்க்கும் காரணிகளும் கூடியிருந்தன. அணுக்கள் தம்மீது விழும் அழுத்தத்தை வேதியியல் சைகையாக மாற்றிக்கொள்கின்றன என்பதும், வலியைக் கடத்தும் நுண்ணிய நரம்பிழைகள் சிலகாலம் ஓய்கின்றன என்பதும் பிற விளக்கங்கள். கைவிடப்பட்ட பழுதுபார்ப்பு வேலையை ஒரு சிறு புதுக்காயம் மீண்டும் தொடங்கி வைக்கிறது என்பது இவற்றின் பொதுச்சாரம். விளக்கங்கள் பல, எதுவும் முழுமையாக நிலைநாட்டப்படவில்லை.

*

2000 அக்டோபரில் அமெரிக்க அமைப்பு குதிகால் வலிக்கு இத்தகைய கருவி ஒன்றுக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்தது. சந்தை விரிந்தது. அதே வேளையில் கணக்கும் கேட்கப்பட்டது.

2002-இல் ஆஸ்திரேலியாவின் ரேச்சல் புக்பைண்டரும் குழுவினரும் 166 குதிகால் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உண்மையான அலை. மற்றதற்குக் கருவி அதேபோல் ஒலித்ததே தவிர, அலை பெயரளவுக்கே சென்றது. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளப்பவர்க்கும் தெரியாது. ஆறு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் இரு பிரிவிலும் வலி குறைந்திருந்தது. பிரிவுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. 2003-இல் ஜெர்மனியின் ஹாக்க குழுவினர் 272 பேரிடம் சோதித்தார்கள். பன்னிரண்டாம் வாரத்தில் தேறியவர்கள் உண்மைச் சிகிச்சையில் 34 விழுக்காடு, போலிச் சிகிச்சையில் 30 விழுக்காடு. முழங்கை வலியிலும் நிலைமை இதுவே. 2005-இல் அதுவரை வந்த முழங்கை ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பீடு, பயன் சிறிதே அல்லது இல்லை என்றது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் இது இன்னொரு மோஸ்தரின் வரலாறாகப் போயிருக்கும். ஆனால் அதே 2003-இல் கெர்டெஸ்மயர் குழுவினர் சுண்ணாம்பு படிந்த தோள்பட்டை நோயாளிகள் 144 பேரைக் கொண்டு செய்த ஆய்வு, அலை போலியைத் தெளிவாக வென்றதென்றும், மிகுந்த ஆற்றலுள்ள அலை குறைந்ததைவிட நன்றாக வேலை செய்ததென்றும் காட்டியது. தோற்ற ஆய்வுகளைத் திரும்பிப் பார்த்தபோது சில வேறுபாடுகள் புலப்பட்டன. ஹாக்க ஆய்வில், வலி தெரியாதிருக்க அந்த இடத்தை ஊசியால் மரக்கச் செய்த பின்னரே அலை செலுத்தியிருந்தார்கள். அவ்வாறு மரக்கச் செய்தால் பயன் குறைகிறதென்று 2005-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நோயாளி 'இங்கேதான்' என்று சொல்லும் இடத்தைத் தேடித் தாக்குவதே சிகிச்சையின் ஒரு பகுதி. மரத்துப்போனவர் அதை எப்படிச் சொல்வார்? ஆற்றலின் அளவு, துடிப்புகளின் எண்ணிக்கை, நோயின் வயது என எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டன. ஒரே பெயரின்கீழ் பல சிகிச்சைகள் சோதிக்கப்பட்டிருந்தன.

பெயர்க் குழப்பம் இதோடு நிற்கவில்லை. 1990களின் இறுதியில் விலை குறைந்த, எளிய கருவி ஒன்று வந்தது. அழுத்தப்பட்ட காற்றால் ஒரு குழலுக்குள் சிறு உலோகத் துண்டு பாய்ந்து, முனையில் மோதுகிறது. சாலையை உடைக்கும் யந்திரத்தின் சிறு வடிவம் என்று சொல்லலாம். இதன் அலை ஒரு புள்ளியில் குவிவதில்லை. தோலில் வலுவாகத் தொடங்கி, உள்ளே போகப் போகச் சிதறித் தேய்கிறது. அழுத்தம் ஏறும் வேகமும் உயரமும் மிகக் குறைவு. இயற்பியலின் இலக்கணப்படி இது அதிர்ச்சி அலையே அன்று, அழுத்த அலை. ஆனாலும் பழைய பெயரையே சூட்டினார்கள். இன்று பிசியோதெரபி நிலையங்களில் 'டக டக' என்று ஒலிப்பது பெரும்பாலும் இதுதான். குவிந்த அலைக்குக் கிடைத்த சான்றை விரிந்த அலைக்கும், அதன் தோல்வியை இதற்கும் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டுகிற வழக்கம் இதனால் வந்தது.

விரிந்த அலைக்குத் தன் சொந்தச் சான்று இல்லாமலில்லை. 2008-இல் 245 நாள்பட்ட குதிகால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் சிகிச்சை பெற்றவர்களின் வலி மதிப்பெண் 72.1 விழுக்காடு குறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைந்தது 44.7 விழுக்காடு. இவ்விரு எண்களில் முதலாவதை விளம்பரங்கள் சொல்லும். நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது இரண்டாவது எண்தான். அலையே படாத கால்களிலும் வலி ஏறக்குறையப் பாதி குறைந்தது. காலம் ஆற்றியது பாதி, நம்பிக்கையும் கவனிப்பும் ஆற்றியது பாதி என்று கொண்டாலும், அந்தக் குறைவு பொய்யன்று. அம்மனிதர்கள் காலையில் எழுந்து தரையில் கால் வைத்தபோது உண்மையாகவே வலி குறைந்திருந்தது.

நின்றுகொண்டே பாடம் நடத்தும் நம் தொழிலில் குதிகால் வலி அரிதன்று. உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் ஓராண்டு துன்பப்பட்டு, வாரம் ஒன்றாக மூன்று முறை இச்சிகிச்சை பெற்றுத் தேறினார். புதுச் செருப்பு, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, கோடை விடுமுறை ஆகிய மூன்றும் அதே காலத்தில் நேர்ந்தன. எதனால் தேறினீர்கள் என்று கேட்டோம். "எதனால் என்று எனக்கு எதற்கு ஐயா? நடக்கிறேன்" என்றார். அவர் நிலையில் அது நேர்மையான பதில். ஆனால் இன்னொருவர் அதே பணத்தைச் செலவழிப்பதற்கு முன் கேட்கும்போது அந்தப் பதில் போதாது. மறைத்துச் செய்யும் ஆய்வுகளின் தேவை அங்கே தொடங்குகிறது.

குதிரைகளின் கதையையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் பிற்பகுதியிலிருந்து பந்தயக் குதிரைகளின் கால் நாண்களுக்கும் இச்சிகிச்சை தரப்பட்டது. குதிரைக்குப் போலிச் சிகிச்சையில் நம்பிக்கை இராது என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். குதிரையை மதிப்பிடுகிற மனிதனுக்கு நம்பிக்கை இருக்குமே என்றார்கள் எதிர்த்தரப்பினர். போட்டி அமைப்புகளோ, சிகிச்சைக்குப்பின் குறிப்பிட்ட நாட்கள் குதிரையை ஓட்டக்கூடாதென விதி செய்தன. வலி மரத்துப்போன குதிரை தன் காயத்தை அறியாமல் ஓடிக் காலை முறித்துக்கொள்ளும் என்பது காரணம். சிகிச்சை ஏதோ செய்கிறது என்பதற்கு இவ்விதி ஒரு வகைச் சாட்சி. வலி குறைவதும் காயம் ஆறுவதும் ஒன்றல்ல என்பதற்கும் அதுவே சாட்சி.

*

இன்றைய நிலை என்ன? 2009-இல் பிரிட்டனின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், குதிகால், குதிநாண், முழங்கை மூன்றுக்கும் பாதுகாப்பில் பெரிய கவலை இல்லையென்றும், பயனுக்கான சான்று முரண்பட்டிருக்கிறதென்றும் சொன்னது. 2020-இல் தோள்பட்டை நாண் நோய் குறித்து 32 ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பீடு, நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்க பயன் குறைவே என்றது. நாள்பட்ட குதிகால் வலியில் சான்று இவற்றைவிடச் சாதகமாக இருக்கிறது. இச்சிகிச்சையை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த ஜெர்மானியர் யான் ரோம்ப, வலி தொடங்கி ஆறு வாரம்கூட ஆகாதவர்களிடம் 2010-இல் வெளியான ஆய்வில் அலையையும் எளிய நீட்சிப் பயிற்சியையும் ஒப்பிட்டார். பாதத்தைக் கையால் பிடித்து நீட்டும் பயிற்சி அலையை வென்றது. தாம் வளர்த்த கருவியின் எல்லையைத் தாமே அளந்து எழுதிய அந்தச் செயலை, இவ்வரலாற்றின் உயர்ந்த இடங்களில் ஒன்றாக நாம் கருதுகிறோம். குதிநாண் வலியிலோ, பயிற்சியோடு அலையும் சேர்ந்தபோது பயிற்சி மட்டும் செய்ததைவிட நற்பயன் விளைந்ததென்று அவரே 2009-இல் காட்டியிருந்தார்.

ஆகவே இன்று கவனமான மருத்துவர்கள் இதை முதல் மருந்தாகத் தருவதில்லை. நீட்சிப் பயிற்சி, தக்க காலணி, சுமைக் குறைப்பு ஆகியவற்றை மாதக்கணக்கில் முயன்றும் தீராத வலிக்கு, அறுவைக்கு முந்தைய படியாக வைக்கிறார்கள். கருவுற்றவர்க்கும், இரத்தம் உறையாத நோயுள்ளவர்க்கும், சிகிச்சை செய்யும் இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்க்கும் தருவதில்லை. நுரையீரலின் திசையில் குவிந்த அலையைச் செலுத்துவதில்லை; கடலில் இறந்த அந்த மாலுமிகள் கற்பித்த பாடம் அது. சிகிச்சைக்குப் போகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் இவ்வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன: கருவியின் அலை குவிவதா, விரிவதா? நம் நோய்க்கு அந்த வகையில் சான்று உண்டா? பயிற்சிகளை முறையாகச் செய்து பார்த்தாயிற்றா?

'வலி' என்ற நம் சொல்லுக்குப் பழந்தமிழில் ஆற்றல் என்று பொருள். நோவு என்ற பொருளே இன்று பேச்சில் மிஞ்சியிருக்கிறது. ஆற்றலைக் கொண்டு நோவைத் தீர்க்க முயன்ற இக்கருவிக்கு அந்த இரு பொருளும் பொருந்துகின்றன. கல்லை உடைத்தபோது அது யாருடைய சொல்லையும் நம்ப வேண்டியிருக்கவில்லை. வலியிடம் வந்தபோது, படத்தில் எதுவும் தெரியாத ஒரு மனிதர் 'இங்கே வலிக்கிறது' என்று சொல்வதை நம்பித்தான் தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை நம்பவும் வேண்டும், 'குறைந்துவிட்டது' என்ற அடுத்த சொல்லைச் சோதிக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்ய மருத்துவம் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறது.